கெதியா இயங்குமாம்

எங்கட வாசிகசாலைக் கொம்பியூட்டரை ஓன் பண்ணினால், மௌஸ் நாங்கள் சொல்வதைக் கேட்க 6 நிமிசமும் 40 செக்கனும் எடுக்கும். சும்மா சொல்லவில்லை, போனில் ஸ்டொப் வோச் போட்டு மூன்று நாள் அளந்தோம். பட்டனை அமத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தாலும் அந்த நீல வட்டம் சுத்திக்கொண்டே இருக்கும். "இது கொம்பியூட்டர் இல்ல, கோயில் மணி. ஆறுதலாத்தான் அடிக்கும்" என்று எங்களில் ஒருத்தி சொல்லுவாள்.

கதிரவெளியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிற ஏ15 வீதியில், வாகரையைத் தாண்டி, வெருகலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கடற்கரை ஊர். ஊருக்கு இந்த ஒரு பொதுக் கொம்பியூட்டர்தான். பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அனுப்ப ஒரு கடிதம் எல்லாம் இதில்தான். போன் எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனால் பத்துப் பக்க விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

இதைப் பார்த்துக்கொள்கிற நாங்கள் நாலு பேர். ஒருத்தரும் கொம்பியூட்டர் படித்தவர்கள் இல்லை. யூடியூப் பார்த்துப் பழகினோம், பிழை விட்டுப் பழகினோம்.

போன ஒக்டோபரில் பிரச்சினை வந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் முடிந்தது. விண்ணப்பித்தால் 2026 ஒக்டோபர் வரை ஒரு வருசம் நீட்டித் தருவோம் என்று மைக்ரோசொஃப்ட் சொன்னது. அது ஒரு வருசத் தவணைதான். அதற்குப் பிறகு? மக்கள் அடையாள அட்டை இலக்கமும் வங்கி இலக்கமும் அடிக்கிற மெசினில் ஓட்டையோடு எவ்வளவு நாள் இருக்கலாம்?

"புதுசப் போடுங்கடா. விண்டோஸ் 11 கெதியா இயங்குமாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் ஆசைப்பட்டோம். ஆனால் அதற்கு 4 ஜிபி ரம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர் வேண்டும். எங்கட மெசின் மூன்றாம் தலைமுறை. ரம் 4 ஜிபி, அது சரி. மற்றதெல்லாம் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று வீடியோக்கள் சொல்கின்றன. பாதுகாப்புக்காக மாறப்போகிற நாங்கள் பாதுகாப்பில்லாத வழியால் மாறுவதில் அர்த்தம் இல்லை என்று விட்டுவிட்டோம்.

"கெதியா இயங்குமாம்" என்ற சொல்லை மட்டும் விட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் இதைத்தானே சொல்கிறார்கள்? ஒருக்கா உண்மையில் என்ன நடந்தது என்று தேடினோம்.

2001இல் வந்த எக்ஸ்பி 64 எம்பி ரம்மிலும் ஏறும். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவுக்குக் குறைந்தது 512 எம்பி வேணும். எட்டு மடங்கு. அது ஆமை என்று உலகமே ஏசியது. 2009 ஒக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது உண்மையாகவே சில விசயங்களைத் திருத்தியிருந்தார்கள். விஸ்டாவில் திறக்கிற ஒவ்வொரு ஜன்னலின் படமும் ரம்மில் ஒன்று, கிரபிக்ஸ் மெமரியில் ஒன்று என்று இரண்டு பிரதியாக இருந்தது. 7இல் அதை ஒன்றாக்கினார்கள். பின்னணியில் எந்நேரமும் விழித்திருந்த சில வேலைகளை, தேவை வந்தால் மட்டும் எழும்புகிற மாதிரி மாற்றினார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 இன்னொரு உபாயம் செய்தது. ஷட் டவுன் பண்ணும்போது முழுக்கச் சாகாமல், கேர்ணல் இருந்த நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். அடுத்த நாள் அதை வாசித்துக்கொண்டு எழும்பும். அதுதான் அந்த "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்". 2015இல் வந்த 10, ரம் நிறையும்போது பழசை டிஸ்குக்குத் தள்ளுவதற்கு முன் ரம்முக்குள்ளேயே சுருக்கி வைக்கப் பழகியது. சாக்கில் கருவாட்டை மிதித்து அடுக்குகிற மாதிரி. 2021இல் வந்த 11, கண் முன்னால் திறந்திருக்கிற வேலைக்கு புரொசெசரிலும் ரம்மிலும் முதலிடம் கொடுக்கிறது.

இதெல்லாம் பொய்யில்லை. அப்படியென்றால் எங்களுக்கு ஏன் 6 நிமிசம் 40 செக்கன்?

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லவுஸ் வியர்த் என்கிற கணினி விஞ்ஞானி 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்கல் மொழியை உண்டாக்கியவர் அவர். இயந்திரம் வேகமாகிற வேகத்தை விட மென்பொருள் கனமாகிற வேகம் கூட என்பதுதான் அதன் சாரம். பிறகு இதற்கு வியர்த் விதி என்றே பெயர் வந்துவிட்டது. 2024 ஜனவரி முதலாம் திகதி அவர் காலமானார். அவர் சொன்னதை எங்கட வாசிகசாலைப் பெட்டி இன்னும் நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் முழுப் பழியையும் மென்பொருளில் போட ஏலாது. எங்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்த மெசின் வரும்போது விண்டோஸ் 7தான் இருந்தது. 2020 ஜனவரி 14இல் அதற்கான ஆதரவு முடிந்தது. மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். வீட்டில் சும்மா இருந்த நாங்கள் "புதுசு கெதியா இருக்கும்" என்று அதன் மேல் விண்டோஸ் 10ஐப் போட்டோம். எது மெதுவாக இருக்கிறது என்று பார்க்காமலே மருந்து கொடுத்தோம். அதுக்குப் பிறகுதான் பெட்டி படுத்தது.

இந்த முறை முதலில் பார்த்தோம். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் புரொசெசர் 15, 20 வீதத்தில் சும்மா இருக்கிறது. ரம் பாதிக்கு மேல். டிஸ்க் மட்டும் 100 வீதம், சிவப்பு. ஓன் பண்ணின நேரத்திலிருந்து அப்படியே நிற்கிறது.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு வெருகல் உதவியது. வெருகல் ஆற்றுக்குப் பாலம் வர முன்னம் பாதையில்தான் கடக்க வேணும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எங்கட பக்கத்தில் பாதை என்றால் றோட்டு இல்லை, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற மிதவை. எவ்வளவு நல்ல பஸ்ஸாக இருந்தாலும், சாரதி எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும், கரையில் நின்று பாதை வரும்வரை காத்திருக்கத்தான் வேணும். புது பஸ் வாங்கினால் கரைக்குக் கெதியாக வந்து கூட நேரம் காத்திருப்பாய், அவ்வளவுதான்.

எங்கட ஹார்ட் டிஸ்க் அந்தப் பாதை. உள்ளே ஒரு தட்டு நிமிசத்துக்கு 7200 தரம் சுத்துகிறது. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக 4 மில்லி செக்கன், ஊசி அந்தத் தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லி செக்கன். அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கிற துண்டுகளை வாசிப்பதென்றால் ஒரு செக்கனுக்கு நூறு தரம்கூடக் கடக்க ஏலாது. விண்டோஸ் 10 எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுத்துகிற தட்டே இல்லை. அது செக்கனுக்குப் பல ஆயிரம் தரம் கடக்கும். அது பாலம்.

வாழைச்சேனையில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று பத்தாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கினோம். நாலு பேரும் போட்ட காசு. எடுத்துப் பொருத்தினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அப்போதுதான் சேர் வந்தார்.

சேர் எங்களுக்கு ஐந்தாம் வகுப்பில் படிப்பித்தவர், இப்ப ஓய்வு. பின்னேரங்களில் வாசிகசாலைக்கு வந்து ஒரு மணித்தியாலம் அடிப்பார், இரண்டு விரலால். என்ன அடிக்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. பரீட்சை வினாத்தாள் என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு மெசின் பிரிந்து மேசையில் கிடந்ததைக் கண்டு முகம் மாறிவிட்டது.

"மனே, அதுக்குள்ள என்ட பைல் கிடக்கு."

"கொப்பி பண்ணித்தான் சேர் மாத்துவம். ஒண்டும் போகாது."

"பேர்ப் பட்டியல் மனே. வேற இடத்தில இல்ல."

ஊர் இழந்தவர்களின் பெயர்கள். 2004 டிசம்பர் 26 கடல் எடுத்தவர்கள். 2006 நவம்பர் 8, அகதிகள் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் ஷெல் விழுந்தபோது போனவர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு, பெயர், வயது, யாருடைய பிள்ளை, என்ன செய்துகொண்டிருந்தார் என்று வருசக்கணக்காகச் சேர்த்திருக்கிறார். எழுதிய கொப்பிகள் கறையான் தின்று போய்விட்டனவாம். எங்களில் ஒருவனின் பெரியம்மாவும் அதில் இருக்கிறார். அவனுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

ஹார்ட் டிஸ்கை வேறொரு லெப்டொப்பில் யுஎஸ்பியால் பொருத்தினோம். சேரின் போல்டரைக் கொப்பி பண்ணத் தொடங்கினால் 30 வீதத்தில் நின்றது. உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். 2022 நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. யூபிஎஸ் இல்லாத எங்கட மெசின் அந்த மாதங்களில் எத்தனை தரம் இடையில் செத்தது என்று கணக்கில்லை. எழுதிக்கொண்டிருக்கிறபோது கரண்ட் போனால் டிஸ்குக்கு அது அடி. ஆறரை நிமிச மந்தத்துக்கும் அதுதான் அரைவாசிக் காரணமாக இருந்திருக்க வேணும். டிஸ்க் வாசிக்க ஏலாத இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதைச் "சோம்பேறி" என்று ஏசிக்கொண்டிருந்தோம்.

கொப்பியை உடனே நிறுத்தினோம். நோயாளி டிஸ்கை வழமையான முறையில் கொப்பி பண்ணக்கூடாது என்பதை அன்றிரவு வாசித்து அறிந்தோம். டிடிரெஸ்கியூ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது சண்டை பிடிக்காது. முதலில் லேசாக வாசிக்கக்கூடிய இடமெல்லாவற்றையும் எடுத்துவிடும். கஷ்டமான இடங்களைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப்போகும். பிறகு திரும்பி வந்து அந்த இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் ஓடியது. முறை வைத்துப் பக்கத்தில் படுத்தோம். கரண்ட் போனால் லெப்டொப் தாங்கும், வெளியில் இருக்கிற டிஸ்க் தாங்காது என்ற பயம். கடைசியில் வாசிக்க ஏலாமல் போனது மிகச் சின்னத் துண்டுகள்தான். சேரின் போல்டர் முழுசாக இருந்தது.

பைலைத் திறந்தோம். ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பக்கம் பக்கமாகக் கிடந்தது. சேர் தலையில் கை வைத்துவிட்டார்.

அது பயப்படுகிற விசயம் இல்லை. சேர் அடித்தது பாமினியில். எங்கட நாட்டில் தமிழ் அடித்த ஒரு தலைமுறை முழுக்க பாமினிதான். அதில் கொம்பியூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு அதற்கு மேல் தமிழ் வேசம் போடுகிறது. எழுத்துரு இல்லாவிட்டால் வேசம் கலைந்துவிடும். யூனிகோட்டில் அப்படியில்லை, "அ" என்றால் உள்ளேயும் அது "அ"தான். பாமினியைப் போட்டதும் பெயர்கள் திரும்பி வந்தன. ஆனால் இனி எந்த மெசினிலும் திறக்க வேணும் என்றால் யூனிகோட்டுக்கு மாற்ற வேணும். மாற்றி ஒன்றில் ஒட்டினோம். ஒரு செக்கன்கூட எடுக்கவில்லை. எங்களுக்குச் சந்தோசம். கெதியென்றால் இது கெதி.

சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்றாவது வரியில் நின்றார்.

"இது ஆர்? மு. என்று இனிசல் உள்ள ஆள் எங்கட ஊரில இந்தப் பேரில இல்லையே."

அவர் இனிசலை மட்டும் ஆங்கிலத்தில் அடித்திருந்தார். மாற்றிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. பாமினியில் ஆங்கிலப் பெரிய கே இருக்கிற இடத்தில் "மு", பெரிய டி இருக்கிற இடத்தில் "வு". கே. எல்லாம் மு. ஆகிவிட்டது, டி. எல்லாம் வு. ஆகிவிட்டது. "வு" என்றால் பார்த்தவுடன் பிழை என்று தெரியும். "மு" அப்படியில்லை. முத்தையாவாக இருக்கலாம், முருகேசுவாக இருக்கலாம். சேர் அன்றைக்கு வந்திருக்காவிட்டால் கந்தையாவின் பிள்ளைகள் என்றைக்கும் இன்னொருவரின் பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள். நாங்கள் முடித்துவிட்டோம் என்று பூட்டிவிட்டுப் போயிருப்போம்.

அதற்குப் பிறகு ஒன்பது பின்னேரங்கள். சேர் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிப்பார், ஒருவர் பழைய பாமினிப் பிரதியைப் பார்ப்போம், ஒருவர் திருத்துவோம். சில பெயர்களில் சேர் நிறுத்திக் கதை சொல்லுவார். இன்னாருக்கு நீந்தத் தெரியும், இன்னார் அன்றைக்கு லீவு கேட்டிருந்தார். பெரியம்மாவின் பெயர் வந்த அன்றைக்கு எங்கட ஆள் தானே அதை அடித்தான். இதை எந்தப் புதிய பதிப்பும் கெதியாக்க ஏலாது. கெதியாக்கவும் கூடாது.

சரி, மெசினுக்கு வருவோம். வாசிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பெட்டி இருக்கும். அதனால் அளந்ததைச் சொல்கிறோம்.

எது உண்மையில் உதவியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, புதிய எஸ்எஸ்டியில் முதலில் அதே விண்டோஸ் 10ஐயே சுத்தமாக ஏற்றினோம். 55 செக்கன். பிறகு அதை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டோம். 38 செக்கன். கணக்கைப் பாருங்கள். 400 செக்கனில் 345 செக்கனைக் குறைத்தது டிஸ்க். இயங்குதளம் மாறியதால் குறைந்தது 17 செக்கன் மட்டும். "லினக்ஸ் போட்டேன், பறக்குது" என்று வீடியோ போடுகிறவர்களில் எத்தனை பேர் அதே நாளில் டிஸ்கையும் மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் ஏன் லினக்ஸ்? இரண்டு காரணம். ஒன்று, மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, காசு இல்லை. மற்றது ரம். ஒன்றும் திறக்காமல் இருக்கும்போது விண்டோஸ் 10 எங்கட 4 ஜிபியில் 1.9 ஜிபி எடுத்தது, மின்ட் 800 எம்பிதான் எடுத்தது. அந்த மிச்சம் பிரவுசருக்கு. நாங்கள் தனியாக இசட்ரம் என்றொன்றையும் போட்டோம். விண்டோஸ் 10 செய்கிற அதே கருவாட்டுச் சாக்கு வேலைதான், லினக்ஸ் கேர்ணலுக்குள் 2014இலேயே வந்துவிட்டது. இன்னொன்றும் வாசித்தோம். யாருக்கு அடுத்து புரொசெசர் என்று முறை பிரிக்கிற விதத்தை 2023 ஒக்டோபரில் வந்த 6.6 கேர்ணலில் மாற்றியிருக்கிறார்கள். 2007இலிருந்து இருந்த முறைக்குப் பதில் புதிது. தண்ணி பவுசர் வரிசையில் சின்னச் செம்போடு அவசரமாக நிற்கிறவரை, மற்றவர்களின் பங்கைக் குறைக்காமல், கொஞ்சம் முன்னுக்கு விடுகிற மாதிரி. எங்களுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்ததா என்றால், இல்லை.

குறையும் இருக்கிறது. பழைய பிரின்டரை வேலை செய்ய வைக்க இரண்டு நாள் போனது. சின்னப் பிள்ளைகள் விளையாடின கேம் ஒன்று இதில் இல்லை, எங்களோடு கோபம். பிரவுசரில் ஏழெட்டுப் பக்கமும் ஒரு வீடியோவும் திறந்தால் இப்பவும் மூச்சு வாங்குகிறது. வியர்த் விதி இப்போது இணையப் பக்கங்களில் வந்து குடியிருக்கிறது. அதற்கு எஸ்எஸ்டியும் இல்லை, லினக்ஸும் இல்லை.

உங்களுக்கு எங்கட புத்திமதி இவ்வளவுதான். புதிதைப் போட முன்னம் எது மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் சிவப்பாக நின்றால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. டிக் டிக் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் பிரதி எடுங்கள். வீட்டில் பாமினியில் கிடக்கிற பைல்களை, அதை அடித்தவர் உயிரோடு இருக்கும்போதே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

போன கிழமை ஒரு பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வந்தாள். பட்டனை அமத்திவிட்டு, பழக்கத்தில், தேத்தண்ணிக்குப் போக எழும்பினாள். "இரி புள்ள, வந்திரும்" என்றோம். வந்துவிட்டது. எதிர்க்கடை அண்ணனுக்கு ஒரு பிளேன்டீ நட்டம்.

சேர் இப்பவும் பின்னேரங்களில் வருகிறார். கெதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யூனிகோட் கீபோர்ட் அவருக்கு இன்னும் பழகவில்லை, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறார். பட்டியலின் பிரதி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. நேற்று பனிச்சங்கேணியில் ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டு வந்த இரண்டு பெயரைச் சேர்த்தார். இனிசலைத் தமிழில் அடித்தார்.